எந்திரி, நூரு

டேப் ரெக்கார்டரின் சிவப்புப் பொத்தானையும் பக்கத்துக் கறுப்புப் பொத்தானையும் ஒன்றாக அழுத்தினால் "டக்" என்று ஓசை கேட்கும். பிறகு நாடா சுற்றும் மெல்லிய இரைச்சல், சூடேறிய பிளாஸ்டிக் வாடை, யார் முதலில் பேசுவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் சில நொடிகள். கூத்தாநல்லூரில் எங்கள் தெருவின் பாதி ஆண்கள் "சபரில்", அதாவது வெளிநாட்டில், இருந்தார்கள். துபாயில் சாலை போடும் கம்பெனியில் இருந்த என் அத்தாவுக்கு (அப்பாவை அப்படித்தான் அழைப்போம்) நாங்கள் கடிதம் எழுதியதே இல்லை. அம்மாவுக்கு எழுத வராது, அத்தா எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். எங்கள் வீட்டில் கடிதம் என்றால் கேசட்.

ஒரே கேசட்தான் போய்ப்போய் வரும். நாங்கள் பேசியதைக் கேட்டுவிட்டு அதன் மேலேயே அத்தா பேசி அனுப்புவார். அவர் குரலின் மேல் மறுபடி நாங்கள் பேசுவோம். விடுமுறைக்கு வந்து திரும்புகிற யாராவது ஊறுகாயோடு சேர்த்து அதைக் கொண்டுபோவார்கள். பதியும் நாளில் பக்கத்து வீட்டு மாமி, துபாய்க்கு எட்டவேண்டும் என்று தொண்டை கிழியக் கத்துவார்: "தம்பீ, போன தடவ நீ குடுத்த தைலம் தண்ணியா இருந்துச்சுப்பா, வேற பாத்து வாங்கு!" "மாமி, மெதுவாப் பேசுங்க. டேப்பு இல்லாமயே அவங்களுக்குக் கேட்டுரும்" என்று அம்மா சிரிப்பதும் அதிலேயே பதிந்துவிடும்.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, அத்தா "கேன்சலில்" வரப்போவதாகச் சொல்லியிருந்தார். விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்புவதற்கு அங்கே இருப்பவர்களின் சொல் அது. நீடாமங்கலம் ரயில்வே கேட் அருகே ஒரு கடையும் பேசி வைத்திருந்தோம். "கேட்டு போட்டா அரமணி நேரம் நிக்கணும். நிக்கிறவன் சும்மாவா நிப்பான்? ஒரு சோடாவாச்சும் குடிப்பான்ல" என்று கேசட்டில் அத்தா சொன்னதை, அம்மா தெரு முழுக்கத் தன் யோசனை போலவே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் தன்னம்பிக்கை பற்றிப் பேச எங்கள் பள்ளிக்கு ஒருவர் வந்தார். இலட்சியங்களை வரிசைப்படுத்தி உங்களுக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதிக்கொள்ளுங்கள், சோர்வு வரும்போது எடுத்துப் பாருங்கள் என்றார். கடிதம் என்றதும் என் கை தாளைத் தேடவில்லை. அடுத்து அனுப்ப வைத்திருந்த கேசட்டின் ஒரு பக்கத்தில் அம்மாவும் மாமியும் பேசி முடித்திருந்தார்கள், மறுபக்கம் காலியாக இருந்தது. வீட்டில் யாரும் இல்லாத ஒரு சாயங்காலம் அதில் நான் எனக்குப் பேசினேன். சில நாள் வைத்துக் கேட்டுவிட்டு அழித்துவிடலாம் என்று எண்ணம்.

"நூரு, நான்தான் பேசுறேன். தூக்கம் வந்தா மூஞ்சியக் கழுவு. அழுதா யாரும் மார்க் போட மாட்டாங்க. எந்திரி, நூரு." இப்படித் தொடங்கி வரிசையைச் சொன்னேன். கணக்கில் முதலாவதாக வர வேண்டும். பிளஸ் டூவில் கணக்கும் அறிவியலும் எடுக்க வேண்டும். இன்ஜினியரிங் சேர வேண்டும். வேலைக்குப் போக வேண்டும். ஐந்தாவது, அத்தா வந்தபின் மறுபடி சபருக்கு விடவே கூடாது.

கேசட்டைக் கொண்டுபோக இருந்தவர், தன் பயணம் முன்கூட்டியே அமைந்துவிட்டதென்று, நான் பள்ளியில் இருந்த நேரத்தில் வந்து நின்றிருக்கிறார். அம்மா எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்தனுப்பிவிட்டார்.

பதில் ஒரு புதுக் கேசட்டில் வந்தது. "நூரு பேசுனதக் கேட்டேன். புள்ள இன்ஜினியருக்குப் படிக்கணும்ங்குது. கட வச்சா சோறு திங்கலாம், காலேஜுக்கு அனுப்ப முடியுமா? கேன்சல் இப்ப வேணாம். அது படிப்பு முடியட்டும்." ஐந்தாவதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அம்மா பாதியில் நிறுத்திவிட்டு அரிசி களையப் போனார். அன்று அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். "நல்லாப் படி" என்று மட்டும் சொன்னார்.

நான் படித்தேன். முதல் நான்கும் சொன்ன வரிசையிலேயே நடந்தன. இடையில் விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் அத்தா முன்னைவிட மெலிந்திருந்தார், கணுக்கால் மட்டும் வீங்கியிருந்தது. வெயிலில் தார் கொதிக்கும் இடத்தில் தண்ணீர்கூட நேரத்துக்குக் குடிக்காமல் நின்ற உடம்பு. நான் கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது, சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்த அவரைத் திருச்சி விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கேன்சலில்தான் வந்திருந்தார். அதன்பின் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைச்சல். நான் வேலையில் சேர்ந்ததைப் பார்த்தார். அதற்கடுத்த ரமலானைப் பார்க்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களில், அத்தாவோடு ஒரே அறையில் தங்கியிருந்த பட்டுக்கோட்டைக்காரர் ஒருவரும் இருந்தார். என்னைப் பார்த்ததும், "நீதானாம்மா நூரு?" என்றார். "விடியிறதுக்கு முன்னாடியே வேலைக்கு வண்டி வந்துரும். உடம்பு எந்திரிக்காது. உங்க அத்தா உன் டேப்பப் போடுவாரு. அப்பவும் எவனாச்சும் படுத்துக் கெடந்தா, 'எந்திரி, நூரு'ன்னு கால்ல தட்டுவோம். மலையாளத்துக்காரன்கூட அப்படித்தான் சொல்லுவான். யாரும் அதுமேல பதிஞ்சிரக் கூடாதுன்னு, கேசட்டு ஓரத்துல இருக்குற பிளாஸ்டிக் துண்ட அவரே ஒடச்சி வச்சிருந்தாரு." பிறகு என் வரிசையை, என் பதினான்கு வயது இழுவையோடு, ஒப்பித்துக் காட்டினார். நான்கோடு நிறுத்திக்கொண்டார்.

"அஞ்சாவது?" என்று கேட்டேன்.

"அஞ்சாவதுன்னு ஒண்ணு இருக்கா? நாலு முடிஞ்சதும் அவரு அமத்திருவாரும்மா. பேட்டரி தீந்துரும்பாரு."

அம்மா எழுந்து உள்ளே போனார்.

எங்கள் தெருவில் இப்போது கேசட் எந்த வீட்டிலும் இல்லை. சபரில் இருப்பவர்கள் கைப்பேசியில் முகம் காட்டுகிறார்கள். பிள்ளைகள் தோசையைப் பிய்த்துக்கொண்டே தலையாட்டுகிறார்கள். தைலம் கேட்ட மாமியும் போய்விட்டார். சென்னையில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில், வருடத் தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்து, உங்கள் இலக்குகளைப் பற்றி உங்களுக்கே ஊக்கமூட்டி ஒரு கடிதம் எழுதுங்கள் என்கிறார்கள். நானும் ஒழுங்காக எழுதித் தருகிறேன். அம்மாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். தினமும் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். அந்த அளவுக்குத்தான் எழுதுவது. கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு வரியிலும் நின்று, இது நடக்க விடிகாலையில் யார் எழ வேண்டியிருக்கும் என்று பார்க்கிறேன். அது நானாக இல்லாவிட்டால் அந்த வரியை அடித்துவிடுகிறேன்.