சாய்ந்து கிடந்த ஐந்தாவது வரி

மெர்சிக்கு அந்த வேலை கிடைத்தது ஜாவா தெரியும் என்பதால் அல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் அந்த வார்ப்பட ஆலை ஏழு வருடத்துக்கு முன் அவளை எடுத்தது டேட்டா என்ட்ரிக்கு. தொழிலாளர்களுக்கான வெப்சைட்டை எழுதிக் கொடுத்த சென்னைக்காரர்கள், ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். ஒரு திங்கட்கிழமை காலை அது படுத்துக்கொண்டது. சாப்பாட்டு டோக்கன் வராமல் இருநூறு பேர் கேன்டீன் வாசலில் நின்று கத்த, மெர்சி அந்தப் பழைய ஜாவா கோப்புகளைத் திறந்து, பிழைச் செய்தியை வரி வரியாகப் படித்து, பதினொன்றரைக்கு டோக்கனை வரவைத்தாள். அன்றிலிருந்து வெப்சைட் அவள் பொறுப்பு. பதவி மட்டும் இன்றைக்கும் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர்.

மிச்சத்தை பொன்னேரியிலிருந்து வரும் மின்சார ரயிலில், போனில் படித்துக் கற்றுக்கொண்டாள். அப்பா எபினேசர் ஊரார் வயலில் நாற்று சுமந்தவர். பிறகு இதே சிப்காட்டில் பதினெட்டு வருடம் இரும்பு இறக்கியவர். யாரைப் பார்த்தாலும் அவர் வாயில் 'சரிங்க சார்'தான் வரும். மெர்சியும் 'சரிங்க சார்' என்பாள். அதற்குப் பின்னால் ஒரு கேள்வியும் வரும்.

அந்தக் கேள்வியை ஒரே ஒரு முறை கேட்காமல் விட்டாள். அதுதான் இந்தக் கதை.

கேன்டீனில் ஒரு தொடுதிரை உண்டு. அடையாள அட்டையைக் காட்டினால் ஐந்து லிங்க் வரும்: ஷிப்ட், விடுப்பு, சம்பளச் சீட்டு, சாப்பாட்டு டோக்கன், கடைசியாக 'அடிபட்டதைப் பதிவு செய்ய'. மூன்று மாதத்துக்கு முன் மனிதவள மேலாளர் அருணகிரி, ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மட்டும் ஐந்தாவதை முடக்கச் சொன்னார். "அவங்க அடிபட்ட கணக்கை கான்ட்ராக்டரே தனியா வச்சுக்குவாரும்மா, கொஞ்ச நாளைக்கு." மெர்சி ஒரு வரி எழுதினாள். முடிந்தது.

வெப்சைட்டை எழுதியிருந்த அந்த ஜாவா ஃபிரேம்வொர்க்குக்கு ஒரு பழக்கம் உண்டு. லிங்க்கை முடக்கினால் சொல்லை மறைக்காது. அழுத்தினால் எங்கும் போகாதபடி செய்து, எழுத்தைச் சாய்த்துக் காட்டும். வேறு மாதிரி காட்ட வேண்டுமென்றால், முடங்கிய லிங்க்குக்கு முன்னால் என்ன வரணும், பின்னால் என்ன வரணும் என்று நாமே எழுதிக்கொள்ளலாம். மெர்சி அதைத் தொடவில்லை. சாய்ந்திருந்தால் செத்த லிங்க் என்று யாருக்கும் புரியும் என்று நினைத்தாள்.

போன செவ்வாய்க்கிழமை அருணகிரி அவள் மேசைக்கே வந்தார்.

"வெள்ளிக்கிழமை கஸ்டமர் கம்பெனி ஆடிட் வருது. கேன்டீன்ல லேபரோட உக்காந்து சாப்பிடுவாங்க, ஸ்கிரீனைப் பாப்பாங்க. அந்த அஞ்சாவது மட்டும் சாஞ்சி அசிங்கமா இருக்கு. மத்த நாலு மாதிரியே ப்ளூ கலர், அடியில கோடு, அப்படி ஆக்கிடு."

"சரிங்க சார். அப்போ திறந்துடவா?"

"திறக்கச் சொன்னேனா? பாக்க லிங்க் மாதிரி இருந்தா போதும்."

"அழுத்தினா?"

"ஸ்லோவா இருக்குன்னு சொல்லிக்கலாம்மா. நீ செய்."

செய்வது இரண்டு நிமிட வேலை. ஆனால் இந்த முறை மெர்சி திரையைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்துவிட்டாள்.

கேன்டீன் காலியாக இருந்தது. திரை முழுக்கச் சுத்தமாக இருக்க, ஐந்தாவது வரி இருக்கும் இடத்தில் மட்டும் கறுப்பாக அப்பியிருந்தது. வார்ப்பு மணலும் கரியும் கலந்த விரல் ரேகைகள். ஒன்றன்மேல் ஒன்றாக.

"இன்னா மேடம், மெஷின் ரிப்பேரா?"

கேட்டது கோவிந்தம்மா. வார்ப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைத் தேய்க்கும் பகுதியில் ஒப்பந்த வேலை. இடது கை மோதிர விரலில் அழுக்கேறிய கட்டு.

"இல்லக்கா. இந்த எடத்துல மட்டும் யாரு இவ்ளோ அழுத்தறது?"

"அல்லாருந்தான். நானே நாலு தபா அழுத்திக்கிறேன்." கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். "இரும்புப் பெட்டிக்கும் வார்ப்புக்கும் நடுவுல வெரல் மாட்டிக்கிச்சி. ரெண்டு வாரம் ஆவுது."

"அழுத்தினா ஒண்ணும் வராதேக்கா!"

"வராட்டி இன்னா? அதான் சாஞ்சிக்குதே. எடுத்துக்கினாங்கன்னு விட்டுட்டேன். இன்னும் ஏன் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு கூப்புடலன்னுதான் ரோசன."

மெர்சிக்குப் புரியவில்லை. கோவிந்தம்மா அவளை வாசலுக்கு இழுத்துப் போய், எதிரே பராமரிப்புப் பிரிவின் பலகையைக் காட்டினாள். ரிப்பேரான இயந்திரங்களின் சிவப்பு அட்டைகள் ஆணியில் தொங்கின. ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு ஓட்டை: நடுவில் ஒன்று, மூலையில் ஒன்று.

"நாலாம் நம்பர் அட்ட நேரா தொங்குதா? எவனும் தொடல. இது பாரு, மூலையில மாட்டி சாஞ்சிக்குதா? ஃபிட்டர் வேலைய எடுத்துக்கினான். நான் வந்த நாள்லேர்ந்து இதான் இங்க. மேல ஏசி ரூம்ல குந்திக்கினு இருந்தா உனக்கு எப்டி தெரியும்?"

மெர்சிக்குக் காது சுட்டது. மூன்று மாதமாக அடிபட்ட அத்தனை ஒப்பந்தத் தொழிலாளர்களும் செத்த லிங்க்கை அழுத்திவிட்டு, புகார் ஏற்கப்பட்டது என்று நம்பிப் போயிருக்கிறார்கள். மேலே மாதாந்திரக் கூட்டத்தில் அருணகிரி, ஒப்பந்தப் பகுதியில் ஒரு காயம்கூட இல்லை என்று படம் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறார். கோவிந்தம்மா வேலையில்தான் அடிபட்டாள் என்று எங்குமே எழுத்தில் இல்லை. இனியும் பதிவாகாவிட்டால், அந்த விரல் அவள் வீட்டில் நசுங்கிய விரலாகிவிடும்.

மேலே வந்து, முடங்கிய லிங்க்குக்கு முன்னும் பின்னும் என்ன வரணும் என்று எழுதும் அந்த இரண்டு அமைப்புகளையும் திறந்தாள். முன்னால், சாய்வை எடுத்தாள். பின்னால், ஒரு வாக்கியம் சேர்த்தாள்.

புதன்கிழமை மதியம் ஒப்பந்தத் தொழிலாளர்களின் திரையில் ஐந்தாவது வரி நிமிர்ந்து நின்றது. பக்கத்தில்: 'மூடப்பட்டுள்ளது. அழுத்தினாலும் பதிவு ஆகாது.'

சாப்பாட்டு வரிசை கலைந்து திரை முன்னால் கூடியது. "அப்போ நான் போன மாசம் அழுத்தினது?" என்று ஒருவர் கேட்டார். "எனக்குக் கால்ல..." என்று இன்னொருவர். அருணகிரியின் போன் ஐந்தே நிமிடத்தில் வந்தது.

"நான் இன்னா சொன்னேன், நீ இன்னா செஞ்சி வச்சிருக்கே?"

"சாஞ்சிருக்கு, மாத்துன்னீங்க. மாத்திட்டேன் சார்."

"கிண்டலா? உடனே எடு."

"எடுக்கறேன். லிங்க் வேலை செய்யாது, ஆனா செய்யற மாதிரி காட்டுன்னு ஒரு மெயில் போடுங்க. உங்க பேர்ல."



"உன்ன விட்டா வேற ஆளே இல்லன்னு நெனப்பா?"

"இருந்தா கூப்பிடுங்க சார். எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு நானே காட்டறேன்."

ஆள் தேடினார்கள். வியாழக்கிழமை முழுக்கத் தேடினார்கள். பன்னிரண்டு வருடப் பழைய ஃபிரேம்வொர்க் என்றதும் சென்னையிலிருந்து பேசியவர்கள், புதிதாகவே எழுதிவிடலாம், ஆறு மாதம் ஆகும் என்றார்கள். மெயிலும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு அருணகிரி கேன்டீனிலிருந்து கூப்பிட்டார். ஆடிட் வண்டி கவரைப்பேட்டையைத் தாண்டிவிட்டதாம். "திறந்து தொலை."

மூன்று மாதத்துக்கு முன் எழுதிய அந்த ஒரு வரியை மெர்சி அழித்தாள். சர்வரை நிறுத்தி ஏற்றினாள். கீழே இறங்கி, தேய்ப்புப் பகுதிக்குப் போய் கோவிந்தம்மாவைக் கையோடு கூட்டி வந்தாள்.

"இப்ப அழுத்துக்கா."

படிவம் திறந்தது. பெயர், பகுதி, எந்த உறுப்பு. கோவிந்தம்மா சொல்லச் சொல்ல மெர்சி தட்டினாள். தேதி வந்ததும் அருணகிரி குனிந்தார்.

"இன்னைக்குத் தேதி போடும்மா. இன்னைக்குத்தானே பதிவாகுது."

"ந்தா சார்," கோவிந்தம்மா கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இன்னிக்கு நசுங்கின வெரல் இப்டியா கறுத்துக்கினு இருக்கும்?"

மெர்சி பதினேழு நாள் பழைய தேதியைப் போட்டாள். அடுத்த கட்டம் தானாக விரிந்தது: தாமதத்துக்குக் காரணம். நிரப்பாமல் மேலே போக முடியாது.

"இதுல இன்னா எழுதறது?" கோவிந்தம்மாவின் குரல் முதல்முறையாக இறங்கியது. "நான் லேட்டா சொன்னேன்னு எழுதிட்டா என்னிய வெளிய போட்டுருவாங்க. எனக்குத் தெரியும்."

"தொழிலாளி தகவல் தரவில்லைன்னு போடு. வழக்கமா அப்படித்தான்," என்றார் அருணகிரி. வாசலில் ஆடிட் கார்களின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மெர்சி தட்டினாள். 'தொழிலாளி நான்கு முறை தெரிவித்தார். லிங்க் முடக்கப்பட்டிருந்தது. முடக்கியது மெர்சி, டேட்டா என்ட்ரி ஆபரேட்டர்.' அனுப்பு என்பதை அழுத்தினாள். பதிவு எண் வந்தது. அதைப் பிரின்ட் எடுத்து கோவிந்தம்மாவின் வலது கையில் கொடுத்தாள்.

அருணகிரி திரையை இரண்டு தடவை படித்தார். அவருக்கு வேர்த்திருந்தது.

"பைத்தியமா நீ? உன் பேரை எதுக்குமா போட்டே?"

"நான்தானே சார் முடக்கினேன்."

"கேட்டாங்கன்னா?"

"கேக்கட்டும். யாரு முடக்கச் சொன்னாங்கன்னுதான் அடுத்ததா கேப்பாங்க." தன் அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் சரியாக மாட்டிக்கொண்டாள். "நான் இங்கயேதான் இருக்கேன். அடிபட்டதைப் பதிய இன்னும் பத்துப் பதினஞ்சு பேரு லைன்ல நிக்கறாங்க."