ஒரு சொட்டுத் தேனுக்கு முப்பது நாள்

எங்கள் எதிர்வீட்டு மோலி அக்கா இருபத்திரண்டு வருடமாக மைசூரில் ஒரே மருத்துவமனையில், ஒரே பிரசவ வார்டில் நர்ஸ். அந்த வார்டு அலமாரியில் ஒரு தட்டு அவருக்கே சொந்தம். அதில் மருந்து கிடையாது, தேன் பாட்டில்கள்தான். பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் இனிப்பாகச் சேனை வைக்க உறவுக்காரர்கள் மடியில் மறைத்துக்கொண்டு வருபவை. அக்கா சண்டை போடுவதில்லை. பாட்டிலை வாங்கி, பிளாஸ்திரியில் கட்டில் எண் எழுதி ஒட்டிவிடுவார். வீட்டுக்குப் போகும் நாளில் திருப்பிக் கொடுத்து, "பெரியவங்க சாப்பிடுங்க. ஒரு வயசு வரைக்கும் கொழந்தைக்கு பேடா, வேண்டாம்" என்பார். பாதிப் பேர் கேட்பார்கள்.

கேட்காத பாதியில் படிக்காதவர்கள்தான் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். என்னைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆறு வருடம் ஊர் சுற்றிவிட்டு நான் திரும்பிய வாரம் தங்கை வினிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. என் பையில், மூன்று விமான நிலையச் சோதனைகளைத் தாண்டி வந்த மலைத்தேன் ஒரு பாட்டில். அதை வைத்து வீட்டில் நான் நடத்திய வகுப்புகளை நினைத்தால் இப்போது காது சுடுகிறது. தொண்டைக்குத் தேன், தூக்கத்துக்குத் தேன், தீப்புண்ணுக்குத் தேன். கொள்ளேகாலிலிருந்து வந்திருந்த பசம்மா அத்தை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"இதுக்கா கண்ணு ஏரோப்ளேன் ஏறிப் போனே? இஞ்சிச் சாத்துல தேன் விட்டு நக்குனா இருமல் நிக்கும்னு எங்கூட்டு எருமைக்கே தெரியுமே!"

சேனை வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது எங்கள் குடும்பத்து நம்பிக்கை. நான் வைக்கிறேன் என்றதும் அத்தை பதறிப்போனார்.

"நீ வெச்சா புள்ள தொட்டில்ல நிக்குமா? கால்ல சக்கரம் கட்டிக்கும். மோலி வெக்கட்டும். ஒரே எடத்துல இருந்து பொழைக்கறவ."

குழந்தையின் தொப்புளைப் பார்க்க வந்திருந்த மோலி அக்கா சிரித்தார். "நானும் வெக்கல, யாரும் வேண்டாம் பசம்மாக்கா. தாய்ப்பால்தான் சேனை. தேன்ல ஒரு கிருமியோட வித்து இருக்கலாம். நம்ம வயிறு சமாளிக்கும், இதோட வயிறு சமாளிக்காது."

"அது கடைத்தேன் அக்கா. இது சுத்தமானது, காய்ச்சாதது" என்றேன், பதினோரு நாடு பார்த்த அறிவோடு.

"காய்ச்சினாலும் அது போகாதும்மா. சுத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

அத்தைகூட அடங்கிவிட்டார். நான் அடங்கவில்லை. என் குணம் உலகத்தில் ஒருவருக்காவது வரட்டுமே என்று ஒரு நப்பாசை. மறுநாள் மதியம், யாரும் இல்லாத நேரம் பார்த்து, சுண்டுவிரலைத் தேனில் தொட்டுக் குழந்தையின் உதட்டில் வைத்தேன். குட்டி நாக்கு வெளியே வந்து சப்பியது. என் கண் கலங்கியது. அவ்வளவு அழகான முட்டாள்தனம்.

அன்று சாயங்காலம் மோலி அக்கா, ஏன் இத்தனை கண்டிப்பு என்று வினிதாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போன ஒரு குழந்தை மூன்றாவது வாரம் திரும்பி வந்ததாம். பால் உறிஞ்சவில்லை, கழுத்து துவண்டிருந்தது. "வாய் மட்டும் அழுதுச்சு. சத்தமே இல்ல. தேனாத்தான் இருக்கும்னாங்க டாக்டர். பொழைச்சுக்கிச்சு. ஆனா அந்த வாயை என்னால மறக்க முடியல."

நான் எழுந்து அவர் முன்னால் போய் நின்றேன். "அக்கா, நான் வெச்சிட்டேன்."

அவர் திட்டவில்லை. "எவ்ளோ? எப்போ?" என்று மட்டும் கேட்டார். குழந்தை டாக்டருக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார். "நீயே சொல்லு."

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனாலும் முப்பது நாள் கவனிக்க வேண்டும் என்றார் டாக்டர். மலச்சிக்கல், பால் குடிப்பதில் தளர்ச்சி, மெலிந்த அழுகை, எது தெரிந்தாலும் உடனே கொண்டுவர வேண்டுமாம். வினிதா குழந்தையை எடுத்துக் கட்டிலின் அந்தப் பக்கம் கிடத்தினாள்.

அடுத்த வாரம் டெல்லிக்கு இருந்த டிக்கெட்டை ரத்து செய்தேன். உலகத்துச் சூரிய அஸ்தமனங்களையெல்லாம் வர்ணித்த என் நோட்டுப்புத்தகத்தில் குழந்தையின் துணி நனைந்த நேரமும் மலத்தின் நிறமும் ஏறின. தினமும் டியூட்டி முடிந்து வந்ததும் மோலி அக்கா அதைத் திருத்துவார்.

"'பொன்னிறம்'னா என்ன? மஞ்சளா, பச்சையா? கவிதை பேடா எனக்கு."

இருபதாம் நாள் குழந்தைக்கு வெளியே போகவில்லை. மறுநாளும் இல்லை. நான் சோறு இறங்காமல் தொட்டிலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அக்கா கை கழுவிவிட்டு வந்து வயிற்றைத் தடவினார், விரலைச் சப்பக் கொடுத்தார். "நோடு, பாரேன், எப்படி இழுக்குது! தெம்பாத்தான் இருக்கா." என்றாலும் டாக்டரிடம் கேட்காமல் விடவில்லை. பால் நன்றாகக் குடிப்பதால் காலை வரை பார்க்கலாம் என்றார் அவர். விடிந்ததும் துணி நிறைந்தது. அதைப் பார்த்து நான் தேம்பி அழுததை அத்தை கொள்ளேகாலில் ஒரு வீடு விடாமல் போன் போட்டுச் சொன்னார்.

முப்பது நாள் முடிந்த அன்று அக்கா குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினார். அது போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"ஆய்த்து, முடிஞ்சுது. இனிமே நீ எங்க வேணும்னாலும் போலாம்" என்றார் என்னிடம்.

பதில் சொல்வதற்குள் வினிதா எழுந்து வந்து, அழுகிற குழந்தையை என் மடியில் வைத்தாள். "சாப்பிட்டுட்டு வரேன். பாத்துக்கோ." ஒரு மாதத்தில் அவள் என்னிடம் சேர்ந்தாற்போல் பேசிய முதல் பேச்சு.

சமையலறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது: "ரெண்டு கையும் எங்க கண்ணுக்குத் தெரியற மாதிரி வெச்சுக்கோ அம்மிணி!"

வைத்துக்கொண்டேன்.