தனபாக்கியம் அக்கா நாக்கைப் பிடுங்கிய மணி

தனபாக்கியம் அக்கா போய்விட்டார். இன்று காலை, தாப்பாவில், மகன் வீட்டில்.

வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்ததும் ஒருவர் கேட்கிறார்: "குப்பை பொறுக்கி வீட்ட ரொப்பி வச்சிருப்பாங்களே, அவங்களா?"

ஆமாம் சார். அவங்களேதான். உங்களுக்காகத்தான் இந்த போஸ்ட்.

மலேசியாவில், ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் எங்கள் தேயிலைத் தோட்டம். எழுபதுகளில் அக்காவுக்குத் துரை பங்களாவில் வேலை. துரைசானியின் மேசையில் ஒரு பித்தளைக் கைமணி இருக்கும். அடித்தால் ஓடிப்போய் நிற்க வேண்டும்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. அந்த அம்மாவுக்கு அக்காவின் பெயர் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

வெள்ளைக்காரத் துரை ஒரேயடியாக ஊருக்குப் போனபோது பங்களாச் சாமான் பாதியைக் குப்பைக்குழியில் கொட்டிவிட்டுப் போனார்கள். நாங்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தோம். அக்கா கோணிச் சாக்கோடு குழியில் இறங்கிவிட்டார்.

பங்களா வேலை போய், என் பக்கத்துத் தேயிலை நிரையில் கொழுந்து பறிக்க வந்தார். தோட்டத்தார் குடியிருக்கும் லயத்திலும் என் பக்கத்து வீடு.

அந்த வீட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்... கிராமபோன் குழாய், கூரைத் தண்ணீரை டிரம்முக்கு இறக்கும் புனல் ஆகிவிட்டது. இறைச்சி வைக்கும் கம்பிவலை அலமாரியில் கோழிக்குஞ்சுகள். ரொட்டித் துண்டு செருகும் ஸ்டாண்டில் பிள்ளைகளின் சிலேட்டு.

ரோஜாப்பூ போட்ட பீங்கான் பானையில் கொத்தமல்லி. அது துரை ராத்திரியில் ஒன்றுக்குப் போகிற பானை என்று தெரிந்தேதான் வைத்திருந்தார்.

"கழுவுனா எல்லாம் பாத்திரந்தான் லா. புடிக்கலன்னா ரசத்துக்குக் கொத்தமல்லி கேட்டு என் வாசப்படி ஏறாத."

நான் வெட்கமில்லாமல் ஏறினேன். லயத்தில் எல்லாருக்கும் அக்கா கொடுத்த சாமான் ஏதாவது ஒன்று உண்டு. என் வீட்டு ஊறுகாய் ஜாடி, துரையின் புகையிலை ஜாடி.

எண்பதுகளில் ஒரு புதுத் துரை வந்தார், நம்ம நாட்டு ஆள். விருந்தாளிகளிடம் காட்ட பழைய பங்களாச் சாமான் வேண்டுமாம். ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி நேராக அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பங்களா சாமான் கம்பெனி சொத்து. ஒன்னு விடாம எடுத்து வையி. இல்லன்னா வேலைக்கும் வராத, வீட்டையும் காலி பண்ணு."

என் வீட்டிலும் துரை ஜாடி இருக்கிறதே, கைக்குழந்தையோடு நான் எங்கே போவது? அக்கா அசரவே இல்லை.

"குழியில பூவாங் பண்ணி வீசுனப்ப குப்பை. நான் எடுத்தா கம்பெனி சொத்தாங்க ஐயா?"

கிராணி விறுவிறுவென்று உள்ளே போய் சாமி படத்துக்கு முன்னால் இருந்த விளக்கை எடுத்தார். துரைசானி மேசையில் இருந்த அந்த மணிதான். அக்கா அதைத் தலைகீழாக்கி, கைப்பிடியை ஒரு கட்டையில் செருகி, எண்ணெய் ஊற்றித் திரி போட்டிருந்தார்.

எண்ணெயைக் கீழே கொட்டிவிட்டு மணியை ஆட்டிப் பார்த்தார் கிராணி. சத்தமே இல்லை.

"நாக்கு எங்க?"

"புடுங்கிட்டேன்."

வாசலில் கூடியிருந்த லயமே பார்க்க, அக்கா மணியைக் காட்டினார்.

"அத்தன வருசம் அது கூப்புட்டு நான் ஓடுனேன். எனக்குப் பேரு இருக்குங்க. தனபாக்கியம். வேணுங்கறவங்க வாயத் தொறந்து கூப்புடட்டும்."

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ... ஊறுகாய் ஜாடியைக் கொண்டுவந்து கிராணி காலடியில் வைத்தேன். "இதுவும் கம்பெனி சொத்துதாங்க. ஊறுகாயோட எடுத்துக்குங்க." அடுத்த வீடு, எதிர் வீடு என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து வைக்க, வாசலில் கால் வைக்க இடமில்லை.

அப்போது அக்கா ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "ஐயா, உங்க வீட்டு ரோசாச்செடி எதுல நிக்குது?"

துரையின் குளியல் தொட்டியில்! அதே குழியிலிருந்து கிராணியே ஆள் வைத்துத் தூக்கிப்போன தொட்டி.

கிராணி மணியை வைத்துவிட்டு நடையைக் கட்டினார். வீடு தப்பியது.

மனுஷன் சும்மா விடவில்லை. அதற்குப் பிறகு அக்காவுக்கு எப்போதும் செங்குத்துச் சரிவில்தான் நிரை. "மேலேருந்து பாத்தா உங்க ரோசா நல்லாத் தெரியுதுங்க" என்று அவரிடமே சொன்னார் அக்கா. நான் கூடையோடு உட்கார்ந்து சிரித்தேன்.

இப்போது அக்கா மகன் போட்டோ அனுப்பியிருக்கிறான். தலைமாட்டில் அதே விளக்குதான் எரிகிறது... அழுகை வருகிறது. வரட்டும்.

நாளை மேளம், சங்கு, மணி எல்லாம் ஏற்பாடு செய்திருக்கிறானாம். தம்பி, மேளம் அடிக்கட்டும், சங்கு ஊதட்டும். மணி மட்டும் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

குப்பை என்று கேட்டவரே, நீங்களும் வாருங்கள். வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

போய்ட்டு வாங்க தனபாக்கியம் அக்கா. யாரு மணி அடிச்சாலும் திரும்பிப் பாக்காதீங்க.