பெரியதாழைக்கு இரண்டு வண்டிகள்: இழுக்க வேண்டியது இரண்டு சக்கரமா, நான்கா?

பிக்கப் வாங்கிக்கொண்டு தூத்துக்குடியில் இருந்து கடற்கரை ஓரமாகவே தெற்கே இறங்கப் போகிறோம், டூ வீல் டிரைவ் போதுமா, ஃபோர் வீல் டிரைவ்தான் வேண்டுமா என்று கேட்டு இந்த மாதம் மட்டும் மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் வண்டிகளின் படங்களையும் அனுப்பி, "நீங்களே ஒன்றைச் சொல்லுங்கள்" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். எனக்கு இதில் கருத்து உண்டு. எதில்தான் இல்லை என்று எங்கள் வீட்டில் கேட்பார்கள், அது இருக்கட்டும். இந்தக் கருத்து எனக்கு ஒரே பயணத்தில் வந்தது. அந்தப் பயணத்தை எழுதிவிடுகிறேன், அப்புறம் உங்கள் பாடு.

எழுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். என் கணவர் சாமுவேல் தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முன்பு பட்டாளத்தில் டிரைவர். ஊரில் இறாலை உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த நேரம் அது. தெற்குக் கரையில் இருந்து இறால் ஏற்றி வந்து கொடுத்தால் நன்றாகப் பிழைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றிய கையோடு வேலையை விடுவதாக எழுதியும் கொடுத்துவிட்டார். எனக்குச் சொன்னது மறுநாள். அன்று எங்கள் வீட்டில் சமையல் நடக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

கம்பெனி மேனேஜர் கறாரான ஆள். "பெரியதாழையில இருந்து ஒரு லோடு, ஐஸ் கரையாம, சனிக்கிழமை ரெண்டு மணிக்குள்ள என் கண்ணுல காட்டுங்க. அப்புறம் பேசலாம்" என்றார். அதே கரைக்கு வேறொரு வியாபாரியும் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த லோடு வராவிட்டால் ஒப்பந்தமும் இல்லை, பழைய வேலையும் இல்லை. பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தன.

வண்டித் தரகர் ஒருவரிடம் இரண்டு ஜீப் பிக்கப் இருந்தன. ஒன்று பட்டாளத்து ஏலத்தில் எடுத்து, பின்னால் பெட்டி கட்டியது. நான்கு சக்கரமும் இழுக்கும். மற்றது நீல நிறம், பின் சக்கரம் மட்டும் இழுக்கும், சீட்டு கிழியாமல் இருந்தது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றைத்தான் எங்களால் வாங்க முடியும். பெட்ரோல் உங்களுடையது, இரண்டையும் சனிக்கிழமை ஓட்டிப் பாருங்கள் என்று சொல்லி, தன் டிரைவர் இசக்கிமுத்துவையும் தரகர் அனுப்பினார்.

நான் நீல வண்டியின் கட்சி. பெட்ரோல் விலை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. பட்டாளத்து வண்டி லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் கொடுத்தால் அதிகம், நீலம் ஒன்பது கொடுக்கும். முன் ஆக்சிலில் ஏதாவது போனால் சாமான் மதுரையில் இருந்து வர வேண்டும். இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன்.

"ஏளா, வண்டி மண்ணுல சொருகிட்டா, மிச்சம் புடிச்ச பெட்ரோல குடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பியா?" என்றார்.

"நீங்க பார்டருக்கா போறீங்க? இறால் எடுக்கத்தான போறீங்க?" என்றேன்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். ஐஸ் பெட்டிகள் எல்லாவற்றையும் அவர் தன் பட்டாளத்து வண்டியில் ஏற்றிக்கொண்டார். நீலத்துக்குக் காலிப் பெட்டிகள். நான் நீலத்தில் இசக்கிமுத்துவுக்குப் பக்கத்தில் ஏறினேன். தூத்துக்குடியில் இருந்து பெரியதாழை எழுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. திருச்செந்தூர் வரை நாற்பது. உப்பளங்களைத் தாண்டி முக்காணிப் பாலத்தில் ஏறும்போது விடிந்துவிட்டது. ஆத்தூரில் வெற்றிலைக் கட்டுகள் பஸ்ஸுக்காகச் சாக்கு போர்த்திக் காத்திருந்தன. இந்தப் பகுதி முழுக்க நீலம்தான் முன்னால் போனது. பட்டாளத்து வண்டி பின்னால் உறுமிக்கொண்டே வந்தது. குலசேகரப்பட்டினத்தில் கருப்பட்டிக் காப்பிக்கு நிறுத்தினோம். நாங்கள் குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்த பிறகுதான் அவர் வந்து சேர்ந்தார். டம்ளரை மட்டும் காட்டினேன்.

மணப்பாட்டுக்குத் தெற்கே கதை மாறியது. இன்று அங்கே நல்ல தார் ரோடு. அன்று ரோடு பாதி, தேரி பாதி. தேரி என்றால் செம்மணல் மேடு. காற்றடித்தால் அந்த மணல் எழுந்து வந்து ரோட்டில் படுத்துக்கொள்ளும். ஒரு வளைவில் முழங்கால் உயரத்துக்கு மணல். இசக்கிமுத்து வேகம் பிடித்து ஏறிப் பார்த்தான். பின் சக்கரம் சுற்றியது, தோண்டியது, அச்சு வரை இறங்கி உட்கார்ந்துகொண்டது.

"அக்கா, கீழ எறங்குங்க. பனமட்டை பொறக்கணும்" என்றான்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் காய்ந்த பனை மட்டைகளை இழுத்து வந்து சக்கரத்துக்கு அடியில் போட்டேன். மட்டைகளைச் சக்கரம் பின்னால் துப்பியது. முள் குத்தியதுதான் மிச்சம். இருபது நிமிடம் போனது. அப்போது பட்டாளத்து வண்டி வந்தது. என் கணவர் அவசரமே இல்லாமல் இறங்கினார், டயர்களில் காற்றைக் கொஞ்சம் இறக்கினார், உள்ளே ஏறி முன் சக்கரத்தையும் இழுக்க வைக்கும் கம்பியைத் தள்ளினார், மணல் மேட்டின் மேல் ஏறி அந்தப் பக்கம் போய் நின்றார். பிறகு கயிறு போட்டு எங்களையும் வெளியே இழுத்துவிட்டார்.

"பெட்ரோல் எம்புட்டு மிச்சம் புடிச்சிருக்க?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் நான் தோற்றுப்போனேன். எரிச்சலாக இருந்தது, ஆனாலும் நடந்தது நடந்ததுதான். மணலில் ஃபோர் வீல் டிரைவுக்கு ஈடு கிடையாது. அதில் யாரும் உங்களுக்கு வேறு மாதிரிச் சொன்னால் நம்பாதீர்கள்.

எட்டேகாலுக்குப் பெரியதாழை. கோவிலைத் தாண்டிக் கடலைப் பார்க்கப் போனால் ஒரு குருசடி, சின்னச் சிலுவைக் கோவில். கெட்டியான தரை அதோடு முடிகிறது. அங்கிருந்து தண்ணீர் வரைக்கும் இருநூறு மீட்டர் வெறும் மணல். இசக்கிமுத்து குருசடிக்குப் பக்கத்தில் நீலத்தை நிறுத்திவிட்டான். பட்டு அறிந்தவன்.

பட்டாளத்து வண்டி நிற்கவில்லை. மணலில் இறங்கி, வரிசையாகக் கிடந்த கட்டுமரங்களைச் சுற்றிக்கொண்டு, அலை நனைக்கும் இடத்தில் போய் நின்றது. ஹாரன் வேறு அடித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நானாக இருந்தாலும் அடித்திருப்பேன். பட்டாளத்தில் இருந்து வந்த பிறகு அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. வேலையை விட்டது சரிதான் என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றியது.

கட்டுமரங்கள் கரை பிடித்துக்கொண்டிருந்தன. இறால் தருவதாக முந்தின வாரமே ஒப்புக்கொண்டிருந்தவர் சூசை அண்ணாச்சி. அவருடைய மரங்களும் வந்துவிட்டன. வலையில் இருந்து இறாலைப் பிரித்து மணலில் குவித்தார்கள். வண்டி பத்தடியில் நிற்கிறது, பெட்டி திறந்திருக்கிறது, ஐஸ் தயார். ஒரு இறால்கூட ஏறவில்லை.

நான் நடந்து போய்ப் பார்த்தேன். முப்பது பெண்கள் இருக்கும், சும்மாட்டைத் தலையில் இருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பனையோலைக் கடகப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. ஆண்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணாச்சி, ஏத்தச் சொல்லுங்க. நேரம் போவுதுல்லா" என்றார் என் கணவர்.

சூசை அண்ணாச்சி கழுத்தைச் சொறிந்தார். "நான் என்ன செய்ய தம்பி? இது பொம்பளைய காரியம். எனக்கு ராத்திரி வீட்டுல சோறு வேணும்லா?"

உட்கார்ந்திருந்தவர்களில் முன்னால் இருந்தவர் அவருடைய மனைவி மரியபுஷ்பம். அவரிடம் போய்க் குனிந்து என்ன விஷயம் என்று கேட்டேன்.

"யம்மா, கரையில இருந்து குருசடி வரைக்கும் மீன் எங்க தலையிலதான் போவும். அங்கன எறக்கி வச்சதும் கடகத்துக்கு ஒரு கைப்பிடி எங்களுக்கு. அதுக்கப்புறந்தான் யாவாரி கை வைப்பான். எங்க அம்மைக்கும் அதான், அவ அம்மைக்கும் அதான். ஒங்க வீட்டுக்காரர் வண்டிய தண்ணிக்குள்ளயே கொண்டாந்து நிப்பாட்டிருக்காரு. இன்னைக்கு ஏத்திட்டா நாளைக்கும் வண்டி இங்கனதான நிக்கும்? அப்ப எங்க அடுப்புல என்னத்த வைக்க?"

"கைப்பிடிய இங்கனயே எடுத்துக்கிடுங்க, நான் வேண்டாம்னா சொல்லுதேன்?" என்றார் என் கணவர்.

"சும்மா தாரதுக்கு பேரு வேற அண்ணாச்சி. நாங்க சொமந்து எடுக்கோம்" என்றார் மரியபுஷ்பம். எழுந்திருக்கக்கூட இல்லை.

மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. வண்டியின் பின்பக்கத்தில் இருந்து ஐஸ் தண்ணீர் மணலில் சொட்டிக்கொண்டிருந்தது. வெயிலில் இறால் தலை கறுக்க ஆரம்பித்தால் மேனேஜர் திரும்பியும் பார்க்க மாட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். அந்த ஆள் வாய் திறந்து கேட்க மாட்டார், பார்ப்பார்.

"இங்கேருங்க," என்றேன், "வண்டியத் திருப்புங்க. ஐஸ மேல கொண்டு வாங்க. இறால் நீலத்துல ஏறட்டும், ரோட்டுல அதுதான வேகம்."

"ஏளா, இம்புட்டு தூரம் வந்துட்டு..."

"திருப்புங்க. பெறவு சண்டை போடலாம்."

திருப்பினார். பட்டாளத்து வண்டி வந்த வழியே உறுமிக்கொண்டு குருசடிக்கு ஏறியது. அது பாதி ஏறும்போதே பெண்கள் எழுந்துவிட்டார்கள். சும்மாடு தலைக்கு ஏறியது, அதன் மேல் கடகம் ஏறியது. அந்த மணலில் நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நடக்கிறேன், அவர்கள் தலையில் ஈரச் சுமையோடு பேசிச் சிரித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போகிறார்கள். கடகம் இறங்கியது, கைப்பிடி அவரவர் சின்னப் பெட்டிக்குப் போனது, மிச்சத்தை நானும் இசக்கிமுத்துவும் ஐஸோடு அடுக்கினோம். முக்கால் மணி நேரத்தில் லோடு முடிந்தது.

திரும்பும்போது தேரி வளைவில் நீலத்தை நிறுத்தி, டயரில் காற்றை இறக்கி, மட்டைகளை முன்கூட்டியே விரித்து வைத்து, வேகம் குறையாமல் ஏறச் சொன்னேன். காலையில் என் கணவர் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். ஏறிவிட்டது. பட்டாளத்து வண்டியில் பின்னால் வந்த என் கணவர் இதற்கு ஹாரன் அடிக்கவில்லை. ஒன்றரைக்கு மேனேஜர் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்து, விரல் விறைத்துப் போய் வெளியே எடுத்தார். திங்கட்கிழமையில் இருந்து கொண்டுவரச் சொன்னார்.

இனி நீங்கள் கேட்டது. தேரிக்குள் புகுந்து சுற்றுவதுதான் உங்கள் ஆசை என்றால் ஃபோர் வீல் டிரைவ் வாங்குங்கள், பெட்ரோலுக்கு அழாதீர்கள். எட்டயபுரம், ஆழ்வார்திருநகரி, கடற்கரை ஊர்கள் என்று ரோடு இருக்கும் இடத்துக்குப் போகிறவர்களுக்கு டூ வீல் தாராளமாகப் போதும். ஒரு காற்றடிக்கும் பம்பும் நீளமான கயிறும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வண்டியானாலும் குருசடி வந்ததும் நிறுத்திவிட்டு இறங்கி நடங்கள். கரையில் வேலை நடக்கும் இடத்தில் டயரை விடாதீர்கள். வியாபாரத்துக்கு வண்டி வாங்குகிறவர்கள், கையில் காசோடு தரகரிடம் போவதற்கு முன்னால் ஒரு தடவை பஸ்ஸில் போய் அந்தக் கரையில் அரை நாள் சும்மா நின்று பாருங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை.

எப்படியும் குருசடியோடு நிற்கப் போகிற வண்டிக்கு நான்கு சக்கரமும் இழுத்து என்ன ஆகப்போகிறது என்று நீலத்தைத்தான் வாங்கினோம். என் கணவர் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை குருசடியில் லோடு முடியப் போகும் நேரத்தில் மரியபுஷ்பம் தன் சின்னப் பெட்டியில் இருந்து ஒரு கைப்பிடி இறால் எடுத்து, "அண்ணாச்சி, இது ஓட்டுதவருக்கு" என்று அவர் முன்னால் நீட்டினார். இவர் மணலில் இறங்கிப் போய், பெண்களோடு சேர்ந்து கடைசிக் கடகத்தைச் சுமந்து வந்து இறக்கி வைத்துவிட்டுத்தான் அதை வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து அவரே உரித்தார்.

அந்த நீல வண்டி எங்களிடம் பதினொரு வருடம் ஓடியது. பட்டாளத்து வண்டிதான் நல்ல வண்டி என்று கடைசி வரைக்கும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல வண்டிதான். இறால் ஏறவில்லை, அவ்வளவுதான்.