மாட்டு உப்பு தூவிய சனிக்கிழமை

கால்ட்டன்எக் மலையடியில், பனிச்சறுக்க வருகிறவர்களை நாற்காலி லிஃப்டில் ஏற்றி மேலே அனுப்பும் பூர்கிக்கு யாரும் முதலில் வணக்கம் சொல்வதில்லை. முதலில் குறை, அப்புறம்தான் வணக்கம். பலபேருக்கு அந்த வணக்கமும் மறந்துபோகும். வரிசை நகரவில்லையா, பூர்கி. மேலே மூடுபனியா, பூர்கி. பாதை காலையில் கண்ணாடியாக இறுகிக் கிடந்தாலும் பூர்கி, மத்தியானம் இளகி ரவைக் கஞ்சி ஆனாலும் பூர்கி. வரிசையில் ஒருத்தன் தன் காலில் மாட்டிய சறுக்குப் பலகையை, ஸ்கீயை, இன்னொருத்தன் ஸ்கீ மேல் ஏற்றிவிட்டால், மிதித்தவனும் மிதிபட்டவனும் சேர்ந்து இவளைத்தான் முறைப்பார்கள். வானத்திலிருந்து பனியை இவள்தான் அளந்து கொட்டுகிற மாதிரி!

அவள் பதிலுக்குச் சண்டை போடமாட்டாள். துடைப்பத்தால் இருக்கையைத் துடைப்பாள், நாற்காலி கெண்டைக்காலில் இடிக்காமல் இடுப்பால் தாங்கிப் பிடிப்பாள், "உக்காரு, கம்பியை இறக்கு, அடுத்தவங்க வா" என்பாள். மலை ஏறிவிட்டால் அந்த ஊரில் யாருக்கும் 'நீங்க' கிடையாது; மந்திரியே வந்தாலும் நீதான்.

லிஃப்ட் வந்த வருடமே வேலைக்குச் சேர்ந்தவள். பின்னலை முடிந்துகொண்டு நின்ற பெண், இப்போது முழங்கால் வலியோடு நிற்கிற கிழவி ஆகிவிட்டாள். புருஷன் லூயிஸ் மேல் நிலையத்தில் இருந்தான். இவள் கீழே, அவன் மேலே. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு டெலிபோன். "சிவப்புத் தொப்பிக்காரன் வரான், குடிச்சிருக்கான், பாத்து இறக்கு" என்று இவள் சொல்வாள். "சரி, மத்தியானத்துக்கு என்ன?" என்று அவன் கேட்பான். பாதிக் குடும்பம் அந்த டெலிபோனில்தான் நடந்தது. பிள்ளை இல்லை. லூயிஸ் நுரையீரல் கெட்டுச் செத்துப்போனான். மேலே இப்போது பருவத்துக்கு ஒரு புது ஆள் வருகிறான். அவனுக்கு மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி என்ன அக்கறை? ஆனாலும் டெலிபோன் மணி அடித்தால், எடுப்பதற்குமுன் பூர்கி தலைமுடியைச் சரிசெய்துகொள்வாள். பைத்தியக்காரி!

அவளிடம் குறை சொல்வதில் மகாராஜா என்றால், வியன்னாவிலிருந்து வருகிற பல் டாக்டர் வைடிங்கர்தான். வருடா வருடம் பிப்ரவரி விடுமுறையில் தவறாமல் வருவார். வந்த முதல் நாளே ஆரம்பித்துவிடுவார்.

"பூர்கி, உன் நாற்காலி இன்னும் கழுதை மாதிரி உதைக்குதே!"

"நீ இன்னும் கழுதை மாதிரி நின்னா அது என்ன பண்ணும் டாக்டரே? குனிஞ்சு உக்காரு."

"நடுவழியில ரெண்டு தடவை நிறுத்திட்டே. அந்தரத்துல தொங்கித் தொங்கி என் பின்பக்கம் ஐஸாப் போச்சு."

"உன்கிட்ட வாயைத் திறந்துட்டு உக்காந்திருக்கிறவங்களவிட நீ சுகமாத்தான் தொங்கினே."

இந்தப் பேச்சு இருபது வருடத்துக்கு மேலாக நடக்கிறது. டாக்டர் திட்டத் திட்ட பூர்கிக்கு உள்ளுக்குள் குளிரும். திட்டுகிறவன் அடுத்த வருடமும் வருவான் என்பது அவள் கண்ட உண்மை. சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள்தான் திரும்பி வருவதில்லை.

அப்படித் திரும்பாமல் போனவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. குளிர்காலம் குளிர்காலமாக இருந்தால்தானே! கிறிஸ்துமஸுக்கு மழை, ஜனவரியில் சேறு. தண்ணீரைப் பனியாக்கி அடிக்கும் பீரங்கிகளுக்கும் குளிர் வேண்டும். குளிர் இல்லாவிட்டால் அவை வெறும் தண்ணீரைத் துப்பும். அந்த வருடம் மேல்சரிவில் பனி பிழைத்துக் கிடந்தது. கீழேதான் ஆபத்து. லிஃப்டுக்குச் சற்று மேலே, மாட்டுக்கொட்டகைக்கும் ஓடைக்கும் நடுவே பாதை ஒடுங்குகிற இடத்தை 'கழுத்து' என்பார்கள். அங்கே வெயில் நேராக விழும். கழுத்தில் பனி போய்விட்டால் மேலேயிருந்து யாரும் சறுக்கிக்கொண்டு லிஃப்டுக்கு வர முடியாது. ஸ்கீயைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்க வேண்டியதுதான்.

லிஃப்ட் இப்போது பக்கத்துப் பள்ளத்தாக்குக் கம்பெனியின் கையில் இருந்தது. அதன் கம்பிவடத்தை அந்தக் கோடையில் மாற்றியே ஆகவேண்டும். மாற்றுவதா, கழற்றி எறிவதா என்று முடிவுசெய்யப் பெரிய மனிதர்கள் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேரில் வருவதாக மேனேஜர் எக்கர் வந்து சொன்னார்.

"அவங்க பாக்கப்போறது ஒண்ணே ஒண்ணுதான், பூர்கி. மேலேருந்து கீழ வரைக்கும் ஜனங்க ஸ்கீயைக் கழட்டாம வராங்களா? வந்தா வடம் மாத்துவாங்க. இல்லேன்னா…" என்று கையை விரித்தார்.

இல்லையென்றால் என்ன என்பது அவளுக்குத் தெரியாதா? லிஃப்ட் போனால் பஸ் நிற்கும். பஸ் நின்றால் சத்திரம் மூடும். முழங்கால் வலிக்காரி கடைக்குப் போக ஒரு வழி இருக்காது. இன்ஸ்புரூக்கில் தங்கை வீட்டின் பின்னறையில் போய் ஒண்டிக்கொள்ள வேண்டும். அங்கே யாரையும் எதிலும் ஏற்றிவிட வேண்டாம். யாரும் திட்டவும் மாட்டார்கள்.

வியாழக்கிழமை தெற்குக் காற்று கிளம்பியது. பிப்ரவரியில் ஏப்ரல் மாதிரி ஒரு சூடு. ஊரில் பாதிப்பேருக்கு மண்டையிடி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கழுத்தில் பனி ஒரு சாண்தான். அதுவும் சொதசொத என்று கிடந்தது. பாதையில் பனியைச் சமப்படுத்தும் வண்டி ஓட்டுகிற கோர்பினியன் வந்து அதைக் காலால் எத்திப் பார்த்தான். லூயிஸின் தங்கை மகன். பூர்கியைச் சின்ன வயதிலிருந்து அத்தை என்றுதான் கூப்பிடுவான்.

"அத்தே, இது காலைல தாங்காது. உப்புப் போட்டுடலாமா?"

உப்பு என்றால் என்ன என்று அங்கே பிறந்த எவருக்கும் தெரியும். சறுக்குப் பந்தய நாளில் செய்வார்கள். ஈரப்பனியில் கல் உப்பைத் தூவினால் அது பனியில் கொஞ்சத்தைக் கரைத்து, அந்தக் குளிர்ச்சியில் மிச்சத்தை இறுக்கிப் பலகை மாதிரி ஆக்கிவிடும். ஆனால் சில மணி நேரத்துக்குத்தான். அதற்கப்புறம் உப்புத் தின்ற பனி வேகமாகச் செத்துவிடும். ஆழமாகப் பனி இருந்தால் பரவாயில்லை. ஒரு சாண் பனியில் போடுவது, இருக்கிற உயிரை எல்லாம் ஒரே காலையில் செலவழிப்பதுதான்.

"போடலேன்னா?" என்று கேட்டாள் பூர்கி.

"ஒட்டி ஒட்டி நாலஞ்சு நாள் கிடக்கும். திட்டிக்கிட்டே தாண்டிப் போவாங்க. ஆனா பாக்கவே அசிங்கமா இருக்கும். அவங்க நாளைக்குத்தானே வராங்க."

"ஒன்பது மணிக்குத்தானே?"

"எக்கர் அப்படித்தான் சொன்னாரு."

"அப்ப போடு," என்றாள் பூர்கி. "போட்டுத் தொலை."

அவ்வளவு உப்பு கம்பெனியில் இல்லை. விஷயம் காதில் விழுந்ததும் ஊரே கொட்டகையைத் திறந்தது. மாடுகளுக்கு வைத்திருந்த உப்பு மூட்டைகளைக் கைவண்டியில் போட்டு இழுத்து வந்தார்கள். லிஃப்ட் இரைச்சலுக்காகப் பூர்கியோடு வருஷக்கணக்கில் பேசாத பக்கத்துப் பண்ணைக்காரிகூட ஒரு மூட்டையைக் கொண்டுவந்து போட்டு, "என் மாடுங்க ஒரு வாரம் பத்தியம் இருக்கட்டும்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள். விடியற்காலையில் எல்லோரும் வரிசையாக நின்று, வயலுக்கு உரம் வீசுவதுபோல வீசினார்கள்.

அடடா, என்ன பனி அது! எட்டு மணிக்குக் கழுத்து கல்லாக இறுகியிருந்தது. கோர்பினியன் அதன்மேல் ஏறிக் குதித்துக் காட்டினான். "பாரு அத்தே, ஜனவரி மாதிரி இருக்கு!" பூர்கி சிரித்தாள். லூயிஸ் போனபிறகு அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

அப்புறம்தான் கூட்டம் வந்தது. தாழ்வான ஊர்களில் பனி அடியோடு போய்விட்டதால் அங்கே தங்கியிருந்தவர்கள் எல்லாம் இங்கே படையெடுத்துவிட்டார்கள். போதாததற்கு அன்று ஒரு கூட்டம் விடுமுறை முடிந்து கிளம்பி, அடுத்த கூட்டம் வந்து இறங்குகிற சனிக்கிழமை; போகிறவனும் வருகிறவனும் ஒரே ரோட்டில். லிஃப்ட் திறப்பதற்குமுன்பே வரிசை பஸ் நிறுத்தம்வரை வளைந்து நின்றது.

"அத்தே, அவங்க வர்ற வரைக்கும் திறக்காதே. இத்தனை பேர் போனா கழுத்தைச் சுரண்டித் தின்னுடுவாங்க," என்றான் கோர்பினியன்.

பூர்கி வரிசையைப் பார்த்தாள். "இப்படி ஒரு கூட்டத்தை நிக்கவச்சு, லிஃப்டைப் பூட்டி வச்சிருந்தா அவங்க என்னடா நினைப்பாங்க? ஓடுற லிஃப்டைத்தான் பாக்கணும். வந்துடுவாங்க, திற."

ஒன்பது ஆனது. வரவில்லை. ஒன்பதரைக்கு எக்கர் டெலிபோனில் கூப்பிட்டார். பெரிய மனிதர்களின் கார் பள்ளத்தாக்கு வாசலிலேயே மாட்டிக்கொண்டதாம், முன்னால் கண்ணுக்கெட்டியவரை கூரையில் ஸ்கீ கட்டிய வண்டிகளாம். கூட்டம் இல்லையே என்று எத்தனை வருடம் அழுதிருப்பாள்! வராத கூட்டம் எல்லாம் சேர்த்து வைத்து இன்றைக்கா வரவேண்டும்?

முதலில் ஏறுகிற இடத்தில் ஒரு ஆள் விழுந்தான், லிஃப்டை நிறுத்தினாள். அப்புறம் ஒரு அம்மாவின் தடி நாற்காலியில் சிக்கியது, நிறுத்தினாள். அப்புறம் காற்று எழும்பி, மேலே இருந்தவன் தானே நிறுத்தினான். அந்தரத்தில் தொங்கியவர்கள் கத்தினார்கள், கீழே நின்றவர்கள் விசிலடித்தார்கள்.

"இதுக்குப் பேர் லிஃப்டா? எங்க ஊரு மியூசியத்துல இதைவிட நல்லது இருக்கு!"

"நாங்க காலைலேர்ந்து நிக்கிறோம், அவன் ஓரமா நுழைஞ்சு போறான். உனக்குக் கண்ணில்லையா?"

"மன்னிச்சுக்கோ. கொஞ்சம் பொறு. இதோ நகருது," என்று நாக்கு வறளச் சொல்லிக்கொண்டே அவள் பாதையின் கழுத்துப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பத்து மணிக்குமேல் அதன் நிறம் மாறியது. முதலில் சாம்பல். அப்புறம் நடுவில் ஒரு பழுப்புத் திட்டு. சறுக்கி வந்த ஒருத்தன் அதில் சிக்கி, ஸ்கீயை விட்டுவிட்டுத் தலைகுப்புற விழுந்தான். கோர்பினியன் நிழலில் கிடந்த பனியை மண்வாரியால் அள்ளி அள்ளிப் போட்டான். உப்பு அதையும் தின்றது. கண்ணெதிரே, வெயிலில் வைத்த வெண்ணெய் மாதிரி, கழுத்து போயே போய்விட்டது.

பெரிய மனிதர்கள் உச்சிவேளைக்கு வந்து சேர்ந்தார்கள். மூன்று பேர், தோல் ஷூவோடு. அந்த நேரத்தில் ஒரு குடும்பம் முழுக்கச் சேற்றில் நடந்து இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா தோளில் எல்லாருடைய ஸ்கீயும். வந்தவர்கள் கோபப்படவில்லை. ஒருவர் குனிந்து, புல் முளைத்த இடத்தில் பூட்ஸ் தடம் நிறையத் தேங்கிய தண்ணீரைப் பார்த்தார். "பாத்துட்டோம்," என்றார். அவர்களோடு காரில் ஏறிய எக்கர் பூர்கி இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

"திங்கட்கிழமை பனி வருமாம் அத்தே. ரேடியோல சொன்னான். இன்னொரு தடவை வந்து பாக்கச் சொல்லலாம்," என்றான் கோர்பினியன். ஊர்க்காரர்களும் ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள். காலிச் சாக்கை மடித்து எடுத்துக்கொண்டு போன பண்ணைக்காரிகூட, "பெரிய இடம், அவ்வளவு சீக்கிரமா முடிவு பண்ணமாட்டாங்க" என்றாள். பூர்கி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நம்பவும் ஆரம்பித்தாள். ஏன் கூடாது? போன வருடமும் இப்படித்தானே, போச்சு போச்சு என்று பிழைத்தது.

கூட்டம் கலைந்தபிறகு கடைசியாக டாக்டர் வைடிங்கர் இறங்கி வந்தார். இடுப்புவரை சேறு. புது ஸ்கீயின் அடிப்பாகத்தைக் கல் கீறிக் கிழித்திருந்தது. காலையில் வரிசையில் அவர் வெகுநேரம் நின்றதையும், லிஃப்ட் நின்றபோது காற்றில் தொங்கியதையும் பூர்கி பார்த்திருந்தாள். இன்றைக்கு நமக்கு இருக்கிறது என்று நினைத்தாள். அவளுக்கு அது வேண்டியும் இருந்தது. பதில்கூடத் தயாராக வைத்திருந்தாள்.

டாக்டர் ஸ்கீயைச் சுவரில் சாய்த்தார். நின்றுபோன லிஃப்டில் தொங்கிய நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கையுறையால் அதன் இருக்கையைத் துடைத்தார், பூர்கி துடைக்கிற மாதிரியே.

"நல்லா இருந்துச்சு, பூர்கி," என்றார்.

"என்ன?"

"எல்லாம்தான். இத்தனை வருஷமும். நல்ல லிஃப்ட். நீ எங்கள நல்லாப் பாத்துக்கிட்டே."

அவள் கையிலிருந்த துடைப்பம் நழுவியது. கார்க்காரர்கள் சொல்லாததை இந்த மனுஷன் சொல்லிவிட்டார்.

"டாக்டரே, அப்படிப் பேசாதே. உன் ஸ்கீயைப் பாரு, நாசமாப் போச்சு. ரெண்டு மணி நேரம் வரிசையில நின்னே. தொங்கினே. சேத்துல நடந்தே. திட்டு."

அவர் கையுறையைக் கழற்றி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏதாவது சொல்லேன்," என்று கெஞ்சினாள் பூர்கி. கண்ணீர் கன்னத்தில் வழிந்ததை அவள் துடைக்கவில்லை. "கழுதை மாதிரி உதைக்குதுன்னு சொல்லு. ஒரே ஒரு குறை சொல்லிட்டுப் போ, உனக்குப் புண்ணியமாப் போகும்."

டாக்டர் வாயைத் திறந்தார். எவ்வளவோ முயன்றும் பழைய பேச்சு ஒன்றும் வரவில்லை.

"எனக்கு ஒரு குறையும் இல்ல, பூர்கி," என்றார்.