மூன்று போர்டு, ஒரு பட்டன்

அறுபத்தொரு கார்டு, மூன்று போர்டு, பதினான்கு நாள். பேருந்து இருக்கை பதிவு செய்யும் செயலியைத் தயாரிக்கும் அந்த அலுவலகத்தில் அக்கா கட்டி மேய்க்கும் உலகம் இவ்வளவுதான். கார்டு என்பது கணினித் திரையில் ஒரு சின்னக் கட்டம். அதில் ஒரு வேலையும், அதைச் செய்ய வேண்டியவரின் முகமும் இருக்கும். செயலியின் திரைகளை வடிவமைப்பவர்களுக்கு ஒரு போர்டு, பின்னணியில் ஓடும் சர்வர் கணினிகளைப் பார்ப்பவர்களுக்கு ஒன்று, சோதிப்பவர்களுக்கு ஒன்று. அவரவர் போர்டில் அவரவர் கார்டு மட்டும்தான் தெரியும். ஆனால் மூன்று அணிக்கும் சேர்த்து ஓடுவது ஒரே ஸ்பிரிண்ட், அதாவது ஒரே பதினான்கு நாள் கெடு.

அக்காவுக்கு வயது நாற்பத்து மூன்று. மேனேஜர் அவரைவிட எட்டு வயது பெரியவர். அவரும் "அக்கா" என்றுதான் கூப்பிடுகிறார். வீட்டில் மாமனாருக்கு மட்டும் இந்த வேலை இன்னும் பிடிபடவில்லை.

"உனக்குக் கீழ எத்தனை பேரும்மா?"

"யாரும் இல்ல மாமா."

"மேல?"

"எல்லாரும்."

பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருக்கும் கணவர், "விசில் இல்லாத ரெஃப்ரிப்பா இவ" என்று பேச்சை முடித்துவைப்பார்.

கடந்த இரண்டு ஸ்பிரிண்டும் மண்ணைக் கவ்வின. கெடு முடிந்த பிறகும் சில கார்டுகள் அசையாமல் நின்றன. மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இந்தத் தடவையும் சொதப்பிச்சுன்னா மூணு டீமையும் தனித்தனியா பிரிச்சிடுறேன் அக்கா. அவங்கவங்க ஸ்பிரிண்ட்டை அவங்கவங்களே பாத்துக்கட்டும்." பிரித்துவிட்டால் நடுவில் நிற்பவருக்கு நாற்காலி இல்லை. அதை அவர் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றும் இல்லை.

சர்வர் அணித் தலைவருக்கு அலுவலகம் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். சாப்பிடக் கடைசியாக உட்கார்ந்து முதலில் எழுபவர். பதினோராம் நாள் காலை பதினொன்றே காலுக்கு அவர் போர்டில் கடைசிக் கார்டும் முடிந்தது. கெடுவுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. மார்பை நிமிர்த்திக்கொண்டு, 'ஸ்பிரிண்டை முடி' என்ற பட்டனை அழுத்தினார். 'இருபத்து மூன்று கார்டு பாக்கி, எங்கே அனுப்ப?' என்று ஒரு பெட்டி கேட்டது. நம் போர்டில்தான் ஒன்றும் பாக்கி இல்லையே, சாஃப்ட்வேருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று முடிவுகட்டினார். 'கிடப்பில் போடு' என்பதைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஸ்பிரிண்ட் மூன்று அணிக்கும் பொது. ஆகவே மூன்று அணிக்கும் முடிந்தது.

வடிவமைப்பவர்களின் போர்டு கழுவித் துடைத்தாற்போல் காலியானது. அவர்கள் பதறினார்கள் என்று நினைத்தால் தப்பு. இரண்டு பேர் படியிறங்கிவிட்டார்கள். ஒருவர் வீட்டுக்குப் போன் போட்டு, மதியம் சாப்பிட வருவதாகச் சொன்னார். சோதிக்கும் அணியின் தலைவி மட்டும் அக்காவின் மேசைக்கு வந்தார். எதையும் நம்பாததால் அவருக்குச் சந்தேகம் என்றே பெயர்.

"எங்க டீமை மூடிட்டாங்களா அக்கா? நேர்லயே சொல்லிடுங்க. மெயில்ல வேணாம்."

அக்கா திரையைப் பார்த்தார். மூடியவர் யார் என்று அதிலேயே இருந்தது. மூடும் அனுமதியை எக்ஸ்பிரஸுக்குக் கொடுத்ததே அக்காதான். போன மாதம், ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் வந்து நிற்க வேண்டுமா என்று அவர் அரித்தெடுத்ததில் கொடுத்தது. மூன்று மணிக்கு மேனேஜர் போர்டுகளைப் பார்ப்பார்.

எக்ஸ்பிரஸ் டீ கோப்பையோடு பிடிபட்டார்.

"நான் எங்க ரூம் லைட்டைத்தானே அணைச்சேன்!"

"மெயின்ல கை வச்சிட்டீங்க தம்பி."

மூடிய ஸ்பிரிண்டைத் திறக்க வழி உண்டு, அக்கா திறந்தார். ஆனால் கிடப்பில் விழுந்த கார்டுகள் தாமாக எழுந்து வராது. அங்கே ஏற்கெனவே நானூறு கார்டு தூங்கிக்கொண்டிருந்தன. படியிறங்கியவர்களையும் பிடித்து வரச்செய்து, எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்தார். "அவங்கவங்க கார்டைத் தேடி உள்ள போடுங்க."

ஒரு மணி நேரத்தில் பத்தொன்பது திரும்பின.

"மிச்சம் நாலு?"

எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். அக்காவே கிடப்பில் துழாவி நான்கையும் எடுத்தார். ஐந்து மாதமாக ஒரு ஸ்பிரிண்டிலிருந்து அடுத்ததற்குத் தள்ளிவிடப்பட்டு வந்தவை. 'பட்டனின் நீலம் இன்னும் கொஞ்சம் நீலமாக' என்றது ஒரு கார்டு.

"இதுல இருக்கிற முகம் உங்களோடதுதானே?" என்று ஒரு வடிவமைப்பாளரைக் கேட்டார்.

"அது பழைய போட்டோ அக்கா."

எக்ஸ்பிரஸ் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "விட்டுடுங்க அக்கா. நாலும் கிடப்பிலயே கிடக்கட்டும். ஸ்பிரிண்ட் ஜம்முனு முடிஞ்சிடும். யாருக்குத் தெரியப் போகுது?"

அவர் சொன்னதில் பிழையில்லை. போன இரண்டு தடவையும் காலை வாரியவை இந்த நான்கும்தான். இவை இல்லாவிட்டால் அக்காவின் நாற்காலி தப்பும். அக்கா ஒரு நிமிடம் யோசித்தார். அந்த ஒரு நிமிடம் அவருக்கே பிடிக்கவில்லை.

மூன்று மணிக்கு மேனேஜரிடம் ஒன்றுவிடாமல் சொன்னார்: யார் மூடியது, அனுமதி யார் கொடுத்தது, எத்தனை திரும்பின, எவை திரும்பவில்லை.

"அம்பத்தேழு முடிஞ்சிடும் சார். இந்த நாலு இந்தத் தடவையும் முடியாது. யாருக்கும் இதைத் தொட மனசில்ல."

"யாரு கேட்டது இதையெல்லாம்?"

"நாலுலயும் உங்க பேர்தான் சார் இருக்கு."

மேனேஜர் திரையைக் கிட்டத்தில் இழுத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"நீலம் போகட்டும், விடுங்க. ஆனா அந்த மூணாவது மட்டும்..."

"சார்."

"சரி, அதையும் தூக்கிடுங்க."

அக்கா எழுந்திருக்கவில்லை. "டீமைப் பிரிக்கிறதா சொன்னீங்களே?"

"ஒரு பட்டனுக்கே இந்தக் கூத்து. மூணு பேருக்கும் ஆளுக்கொண்ணு கொடுத்தா ஆபீஸையே மூடிடுவாங்க. நீங்களே பாத்துக்கோங்க அக்கா."

எக்ஸ்பிரஸின் அனுமதி அன்று நாலு மணிக்குப் பறிபோனது. ஐம்பத்தேழு கார்டும் பதினான்காம் நாள் மதியத்துக்குள் முடிந்தன. பட்டனை அக்கா அழுத்தினார். அடுத்த ஸ்பிரிண்ட் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்குகிறது.