மாற்றிப் போட்டுப் பார்க்கப் பயந்த இயர்போன்

இந்த மலைக்கு வந்த புதிதில் எனக்குத் தூக்கம் வராததற்குக் குளிர் காரணமில்லை. சத்தமில்லாததுதான் காரணம். பள்ளிபாளையத்தில் விசைத்தறிச் சத்தத்திலேயே பிறந்து, அதிலேயே தூங்கி, தறி நின்றால் திடுக்கிட்டு விழிக்கிற ஆட்கள் நாங்கள். இங்கே மலாய் நாட்டில், ரிங்லெட்டுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை காலை பனிமூட்டம் இறங்கிவிட்டால் தகரக் கூரையில் சொட்டுகிற தண்ணீரைத் தவிர வேறொன்றும் காதில் விழாது. ஃபேக்டரியில் எனக்கு ஃபிட்டர் வேலை. இலை உருட்டுகிற மிஷின் ஓடும்போது காதடைப்பான் போட்டுக்கொள்வோம். மிஷின் நின்றுவிட்டால் மலை முழுக்க அமைதிதான்.

அந்த அமைதிதான் என்னை இந்தப் பைத்தியத்தில் தள்ளியது. ஊரில் பாட்டென்றால் தறியை மிஞ்சி அலற வேண்டும். பாக்கெட்டில் அடங்குகிற ஒரு மியூசிக் பிளேயரும் வயர் வைத்த இயர்போனும் வாங்கிக் கேட்ட பிறகுதான், இத்தனை வருடம் நான் கேட்டது பாட்டே இல்லை என்று புரிந்தது. ஆடியோஃபைல் தரம் என்று பெட்டியில் தங்க எழுத்தில் போட்டிருப்பதை நம்பாதீர்கள், ஐயா. நல்ல கருவி தன் பங்குக்கு எதையும் சேர்க்காது. பாட்டு தொடங்குமுன் உஸ்ஸென்று இரையாது. சத்தத்தைக் குறைத்து வைத்தாலும் தவில்காரர் கை எடுக்கிற இடம் தெரியும். யார் இடப்பக்கம், யார் வலப்பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு கை காட்டலாம். பிளேயருக்கு இயர்போனை இழுக்கிற தெம்பு வேண்டும். இயர்போன் ரப்பர் காதுத் துளையில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். உட்காரவில்லையென்றால் எத்தனை உசத்தியான சரக்கும் தகர டப்பாதான்.

பக்கத்து வீட்டு மோகன் இதையெல்லாம் ஒப்புக்கொள்ள மாட்டான். தோட்டத்திலேயே பிறந்தவன், ஃபேக்டரியில் இலை காயவைக்கிற டிரையரைப் பார்த்துக்கொள்பவன். ஒருமுறை என் இயர்போனை வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு, “என்னாண்ணே, கொசு பாடுற மாரி இருக்கு. பாஸ் அடிக்கணும்லா, நெஞ்சு அதிரணும்” என்றான். இவனிடம் போய்ச் சொன்னேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

என்னிடம் ஒரு நாதஸ்வரக் கச்சேரிப் பதிவு இருக்கிறது. அதில் ஜால்ரா வலது ஓரத்தில், பொடிப்பொடியாகச் சிதறிக் கேட்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஜால்ராவைக் காணோம். நாதஸ்வரம் இருக்கிறது, தவில் இருக்கிறது, வலது ஓரம் மட்டும் போர்வை போட்டு மூடியது போல இருக்கிறது. ரப்பரை மாற்றினேன். வயரைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். வேறு பதிவு போட்டேன். எல்லாவற்றிலும் அதே போர்வை.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. இந்தப் பைத்தியம் பிடித்த எல்லோருக்கும் தெரியும். இடது இயர்போனை வலது காதிலும், வலதை இடதிலும் மாற்றிப் போட வேண்டும். குறை இடது காதுக்கு நகர்ந்தால் பழுது இயர்போனில். நகராமல் வலதிலேயே நின்றால் பழுது காதில். அவ்வளவுதான் விஷயம். ஆனால் எனக்குக் கை வரவில்லை. வயரைக் குறை சொன்னேன், பிளேயரைக் குறை சொன்னேன், மலையின் ஈரக்காற்றைக்கூடக் குறை சொன்னேன்.

என் அப்பா தறி ஓட்டியே செவிடானவர். சாப்பிட வரச் சொன்னால், சந்தைக்குப் போகச் சொன்னதாக நினைத்துச் செருப்பைத் தேடுவார். வீடே சிரிக்கும், அவரும் சேர்ந்து சிரிப்பார். பிறகு சிரிப்பது நின்றது. பிறகு பேசுவதும் நின்றது. கல்யாண வீடுகளில் கூட்டத்துக்கு நடுவே, யார் வாய் அசைகிறது என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த முகம்தான் எனக்குப் பயம்.

கடைசியில் மோகனிடம் சொன்னேன்.

“மாத்திப் போட்டுப் பாருங்கண்ணே! ரெண்டு நிமிசம் வேல. என்னா, தாக்குட்டா?” என்றான் அவன்.

தாக்குட் என்றால் மலாயில் பயம். ஆமாம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவன் எதிரிலேயே மாற்றிப் போட்டேன். ஜால்ரா இடது காதில் கணீரென்று கேட்டது. வலது காதில் அதே போர்வை. இயர்போனில் ஒரு குறையும் இல்லை.

“இன்னிக்கே கிளினிக் போலாம்ணே, வாங்க” என்று அவனே மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

பிரிஞ்சாங் கிளினிக்கில் மோகன் வெளியே வண்டியை நிறுத்தப் போயிருந்தபோது, மலாய் நர்ஸ் என்னைப் பார்த்து, “தெலிங்கா?” என்றாள். தெலுங்கா என்று கேட்கிறாள் போல என்று, “நோ, நோ, தமிழ்” என்றேன். அவள் தன் காதைத் தொட்டுக் காட்டி மறுபடி, “தெலிங்கா?” என்றாள். அட, மலாயில் காதுக்குப் பெயரே அதுவாம்! உள்ளே வந்த மோகன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன். மொழி தெரியாமல் தப்பாகப் புரிந்துகொண்டேனா, காது கேட்காமலா? இனி ஒவ்வொரு வார்த்தைக்கும் இந்தச் சந்தேகம்தானா?

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, காதில் ஒரு பிளாஸ்டிக் ஹெட்போனை மாட்டினார்கள். பழசு, ஒரு பக்கம் டேப் ஒட்டியது. கீச்சென்று சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். இடது காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். வலது காதின் முறை வந்தபோது, கண்ணாடிக்கு அப்பால் நர்ஸ் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் வரட்டும் என்று நான் காத்திருந்தேன். அது வந்து வந்து போய்க்கொண்டிருந்ததாம். நான் போட்டதிலேயே உண்மையைச் சொன்ன கருவி அந்த மட்டமான ஹெட்போன்தான்.

சீன டாக்டர், முன்பு எங்கே வேலை, மிஷின் மோட்டார் எந்தக் காதுப் பக்கம் என்று கேட்டார். தறியில்தான், மோட்டார் வலப்பக்கம் என்றேன்; மோகன் மொழிபெயர்த்தான். இது இங்கே வந்ததல்ல, ஊரிலிருந்தே கொண்டுவந்தது என்றார். போனது திரும்புவது கஷ்டம், ஈப்போவில் பெரிய டாக்டரைப் பார், இடது காதைப் பத்திரமாக வைத்துக்கொள் என்றார். சத்தத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வந்ததாக அல்லவா நினைத்திருந்தேன்!

சாயங்காலம் வாசலில் நின்று ஊரிலிருக்கிற மனைவிக்கு போன் போட்டேன். வழக்கம்போல வலது காதில் வைத்தேன். அவள் குரல் கேட்டது, வார்த்தைகள் கலங்கலாக இருந்தன.

“ஏனுங்க இப்பிடிக் கத்தறீங்க? பக்கத்து ஊட்டுக்கே கேக்குது” என்று அவள் சொன்னது, இடது காதுக்கு மாற்றிய பிறகுதான் புரிந்தது.

“ஒண்ணுமில்ல, இங்க சிக்னல் இல்ல” என்றேன்.

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் பின்னால் யாரோ கூப்பிட்டது போலிருந்தது. போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பினேன். வேலியோரம் நின்று மோகன்தான் கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவன் பக்கம் காதைத் திருப்பினால் அவள் பேச்சு கேட்கவில்லை. போனைக் காதில் வைத்தால் அவன் வாய் மட்டும் அசைகிறது. கையில் போனை வைத்துக்கொண்டு, இருக்கிற ஒரு காதை யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் நின்றேன்.